பேர் சொல்லாத ஜெபம்

எங்கள் கோவிலில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை படிப்பார்கள். ஓலை என்பது பழைய பெயர். கையில் இருப்பது சாதாரணக் காகிதம்தான். பூசை முடிகிற நேரத்தில் ஃபாதர் மைக் முன்னால் வந்து, இன்ன பங்கைச் சேர்ந்த இன்னாருடைய மகனும் இன்ன பங்கைச் சேர்ந்த இன்னாருடைய மகளும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசிப்பார். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. மாப்பிள்ளை வேறு ஊர்க்காரர் என்றால் அந்த ஊர்க் கோவிலிலும் இதே வாசிப்பு நடக்கும். மூன்றும் முடிந்தால்தான் தாலி.

சின்ன வயதில் முழுப் பூசையிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். ஃபாதர் ‘தடை ஏதேனும்’ என்று சொன்னவுடன் நான் பெஞ்சில் முட்டி போட்டுத் திரும்பிப் பார்ப்பேன். யாராவது எழுந்து ‘நிறுத்துங்க!’ என்று கத்துவார்கள், பெரிய ரகளை ஆகும் என்று ஒரு எதிர்பார்ப்பு. ஒருவரும் கத்தியதில்லை. அம்மா தொடையில் கிள்ளுவாள், நான் திரும்பி உட்காருவேன். கத்தாமலே ஒரு கல்யாணத்தை நிறுத்தலாம் என்பதும், அதை நிறுத்த ஊர் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு உதவும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இது பெங்களூர் லிங்கராஜபுரத்தில், தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. நான் அப்போது பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதைவிட, படிப்பும் பக்கத்தில் இருந்தது என்று சொல்லலாம். சாயங்காலம் கம்ப்யூட்டர் கிளாஸ், சனிக்கிழமை கீபோர்டு கிளாஸ், நடுவில் ஜெர்மன் கற்றுக்கொண்டால் வெளிநாடு போகலாம் என்று யாரோ சொல்ல, அதற்கும் ஒரு மாதம் போய்வந்தேன். எதையும் தொட்டுப் பார்த்துவிட வேண்டும், எல்லோரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த வேகத்தில்தான் கோவிலில் பாடுகிற குழுவான கொயரிலும் போய் நின்றேன்.

என்னைச் சேர்த்துக்கொண்டவர் கொயரை நடத்திவந்த அண்ணன். எல்லோருக்கும் அவர் கொயர் அண்ணாதான். நாற்பதை நெருங்கிய வயது, மென்மையான குரல், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எங்கள் கோவில் பங்கில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஐஸ் பெட்டிக்கும் கல்லறைக் குழிக்கும் முதலில் ஓடுகிறவர் அவர். பிராக்டிஸ் முடிந்தால் பேக்கரிக்கு எங்களை அழைத்துப் போய்த் தேங்காய் பன் வாங்கித் தருவார். நான் அவரை மிகவும் மதித்தேன். இதை மறைத்து எழுதினால் மீதியெல்லாம் பொய்யாகிவிடும்.

எங்கள் காம்பவுண்டிலேயே மாடி வீட்டில் இருந்த அக்காவும் கொயரில் பாடினாள். கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. ஒரு காலர் அரை நூல் கோணினாலும் கண்டுபிடித்துவிடுவாள். தெருவில் போகிறவனின் சட்டையைப் பார்த்தே ‘பட்டன் பட்டி இழுத்துகினு நிக்குது பாரு’ என்பாள். அவளோடு பஸ்ஸில் போனால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அம்மா இல்லை, அப்பா மட்டும். அவர் ரிட்டயர் ஆன லாரி டிரைவர். மகளின் கல்யாணத்தைப் பார்த்துவிட்டால் தன் வண்டி ஷெட்டுக்குப் போகலாம் என்று அடிக்கடி சொல்லுவார்.

அந்த வருடம் கொயருக்கு ஒருவர் புதிதாக வந்தார். கோலார் தங்கவயல்காரர். ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். எங்கள் தெருவுக்குப் பின்னால் தாய்மாமன் வீட்டில் தங்கி, விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்துப் போவார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தங்கவயலுக்குப் போய்வருவார். அவருடைய அண்ணன் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டிருந்தார். அங்கே அம்மாவும், அண்ணியும், அண்ணனுடைய பெண் குழந்தையும் இருந்தார்கள். அந்தக் குழந்தைக்கென்று, போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு பொம்மை பையில் தலை நீட்டிக்கொண்டிருக்கும். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான். ஒளித்து வைத்த விஷயம் இல்லை.

அவர் குரல் பெரியது. ஆனால் ஒரு நாள் பிராக்டிஸில் அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். கொயர் அண்ணா எப்போதும் பாட்டை உச்சத்தில் எடுப்பார். அவர் குரல் அங்கேதான் அழகாக இருக்கும். கீழே பெஞ்சில் இருக்கிற ஜனங்களால் அந்த உயரத்துக்கு வர முடியாது. வாயை அசைத்துக்கொண்டு நிற்பார்கள். தங்கவயல்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“அண்ணா, ஒரு ரெண்டு கட்டை எறக்கினா ஜனங்களும் கூடப் பாடுவாங்க. இப்ப நம்ம மட்டும் பாடிகினு, அவங்க கச்சேரி கேக்கறாங்க.”

அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். நானும்தான். கொயர் அண்ணாவும் சிரித்தார். “சரி தம்பி, எறக்கிப் பாக்கலாம்” என்றார்.

அடுத்த ஞாயிறு இறக்கிப் பாடினோம். கோவில் முழுக்கப் பாடியது. காணிக்கை எடுக்க எழுந்தவர்கள் கூடப் பாடிக்கொண்டே எழுந்தார்கள். பூசை முடிந்ததும் ஃபாதர் கொயர் நிற்கிற மாடிக்குப் படியேறி எங்களிடம் வந்தார். அவர் அப்படி வந்ததே கிடையாது. “யாருடைய ஐடியா?” என்று கேட்டார். அக்காதான் தங்கவயல்காரரைக் கைகாட்டினாள். “இனிமே பாட்டு இவரே ஆரம்பிக்கட்டும். திருவிழாவுக்கும் இவரே பாத்துக்கட்டும்” என்று சொல்லிவிட்டு ஃபாதர் இறங்கிப் போனார். கொயர் அண்ணாவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. நான் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. “ரொம்ப நல்லதாப் போச்சு தம்பி, எனக்கும் தொண்டை முன்ன மாதிரி இல்ல” என்று அவர் தோளில் கை போட்டு, அன்றைக்கு எல்லோருக்கும் பன்னோடு பஃப்ஸும் வாங்கித் தந்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் அண்ணன் தம்பி போல ஆகிவிட்டார்கள். பிராக்டிஸ் முடிந்து ஒயரைச் சுருட்டி, கீபோர்டுக்கு உறை மாட்டிவிட்டு, மாதா சிலை இருக்கிற கெபி முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பார்க்க நன்றாக இருந்தது.

திருவிழா முடிந்த கையோடு தங்கவயல்காரரின் மாமா அக்காவைப் பெண் கேட்டு வந்தார். அக்காவின் அப்பா பெரிதாக விசாரிக்கவில்லை. “பையன் பாடறதைத்தான் வாரா வாரம் கேக்கறனே” என்றார். நிச்சயத்துக்கு நான்தான் அக்காவுக்குத் தலை பின்னினேன். தன் ரவிக்கையின் கைத்தையலை அவள் கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “டெய்லர் நம்ம ஃபேக்டரியில இருந்தா ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்” என்றாள். பிறகு அதே கண்ணாடியில் தன்னைப் பார்த்து, “என்னை யாரும் ரிஜெக்ட் பண்ணலடி” என்று மெதுவாகச் சொன்னாள்.

முதல் ஓலை படித்தார்கள். அக்கா கொயர் மாடியில் என் கையை நெரித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம் எங்கள் தெரு அன்பியக் கூட்டம். அன்பியம் என்றால் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, ஜெபமாலை சொல்லி, கடைசியில் ஒவ்வொருவரும் தங்கள் கருத்தைச் சொல்வது: என் மகனுக்கு வேலை கிடைக்க, என் நாத்தனாரின் ஆபரேஷன் நல்லபடியாக நடக்க. ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் ‘ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று சொல்ல வேண்டும். எல்லோரும் கண்ணை மூடியிருப்போம். அன்றைக்கு முதல் பெஞ்சு ஆன்ட்டியின் வீடு. ஆன்ட்டி ஓய்வுபெற்ற நர்ஸ். ஒரு பூசையும் தவறாதவர், கோவிலில் எப்போதும் முதல் பெஞ்சு. பொய் பேசத் தெரியாத பெண்மணி என்று பெயர் எடுத்தவர். அக்காவும் மாப்பிள்ளையும் அன்று வரவில்லை, கல்யாணப் பத்திரிகை பார்க்கப் போயிருந்தார்கள்.

கொயர் அண்ணாவின் முறை வந்தது.

“ஒரு விதவைத் தாய்க்காக மன்றாடுவோம்” என்றார். அவர் குரல் தழுதழுத்தது. “சுரங்கம் இருக்கற ஊரு. இடுப்புல கொழந்தை. செத்துப்போன புருஷனோட குடும்பத்துலயே ஒருத்தரு அவங்களைக் கட்டிக்கறதா பேச்சு. அவரு பெரிய ஊருக்கு வந்துட்டாரு, புது வாழ்க்கை கெடச்சிடிச்சி. அந்தத் தாயோட கண்ணீரை ஆண்டவர் தொடைக்கணும். பேரு வேணாம். ஆண்டவருக்குத் தெரியும்.”

“ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றோம். நானும் உரக்கச் சொன்னேன். சமையலறையிலிருந்து சுண்டல் தாளிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. எனக்கு அதுதான் கவனம். ஆனால் ஆன்ட்டியின் கவனம் ஜெபத்தில் இருந்தது. இப்போது நினைத்தால் அதுதான் அவரைப் பிடிப்பதற்காக வைக்கப்பட்ட கண்ணி. அக்கறையாக ஜெபம் செய்கிறவர்கள் மட்டுமே மாட்டுகிற கண்ணி.

இரண்டாம் ஓலையில் ஃபாதர் ‘தங்கவயல் பங்கைச் சேர்ந்த’ என்று வாசித்ததும் ஆன்ட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. பூசை முடிந்து கொயர் அண்ணாவைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்: “தம்பி, நீ அன்னைக்குச் சொன்னது நம்ம பொண்ணோட மாப்ளையா?” அவர் தலையைக் குனிந்துகொண்டு, “ஆன்ட்டி, பேரு நான் சொல்லமாட்டேன். ஓலையில என்ன வாசிக்கறாங்கன்னு உங்களுக்கே தெரியும். உங்க மனசாட்சி என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க” என்று சொல்லியிருக்கிறார். இது ஆன்ட்டியே பிறகு என் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னது. தடை தெரிந்தும் சொல்லாதவர்களுக்குப் பாவம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு ஃபாதரிடம் போனார்.

மூன்றாம் ஞாயிறு, ஃபாதர் மைக் முன்னால் வந்தார். வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையைப் படித்தார். மருத்துவ முகாம் அறிவிப்பைப் படித்தார். கடைசிப் பாட்டுக்குக் கை காட்டினார்.

தங்கவயல்காரர்தான் பாட்டை எடுக்க வேண்டும். அவர் வாய் திறக்கவில்லை. கீழே ஜனங்கள் திரும்பி எங்களை அண்ணாந்து பார்த்தார்கள். அந்த மௌனத்தில், மிக இயல்பாக, கொயர் அண்ணா பாட்டைத் தொடங்கினார். பழைய உயரத்தில்.

அன்றைக்கே ஃபாதரின் அறையில் விசாரணை. உள்ளே மாப்பிள்ளையும் அவர் மாமாவும் அக்காவும் அவள் அப்பாவும். அங்கே நடந்ததை அக்கா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி.

ஃபாதர் கேட்டார்: “உங்க அண்ணியை நீங்க கட்டிக்கறதா வீட்ல பேச்சு நடந்ததா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது: “நடந்தது சாமி. அண்ணன் போனதும் பெரியவங்க கேட்டாங்க. அவங்க எனக்கு அம்மா மாதிரின்னு நான் சொல்லிட்டேன். அண்ணியும் வேணாம்னுட்டாங்க. அதோட முடிஞ்சது.”

அக்காவின் அப்பாவுக்கு ‘நடந்தது சாமி’ என்பதற்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை. “அப்புறம் எதுக்குய்யா எங்ககிட்ட சொல்லல?” என்று எழுந்து நின்றுவிட்டார்.

“அது அண்ணியோட மானம், மாமா. வாய் விட்டு ஊரெல்லாம் சொல்ற விஷயமா?”

ஃபாதர் நல்லவர். இதைச் சொல்லாமல் விடக் கூடாது. விசாரிக்காமல் ஓலையைப் படித்தாலும் தப்பு, கேட்டதை வைத்து நிறுத்தினாலும் தப்பு என்கிற இக்கட்டு அவருக்கு. தங்கவயல் பங்குக்கு எழுதிக் கேட்கிறேன், அண்ணியிடம் நேரில் விசாரித்துப் பதில் வரட்டும், வந்ததும் மூன்றாம் ஓலை என்றார்.

ஒரு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை அக்காவைப் பார்க்க வந்தார். எங்கள் காம்பவுண்டில் அன்றைக்குக் காவேரித் தண்ணீர் வருகிற நாள். நான் குழாயடியில் பக்கெட்டோடு நின்றிருந்தேன். அக்கா மாடிப்படியின் கடைசிப் படியில், அவர் கீழே தரையில். அக்கா வாரம் முழுக்க யாரிடமும் பேசாமல் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோணல் கண்டுபிடிப்பதுதானே அவள் வேலை.

“ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டி போறீங்களே” என்றாள். “கொழந்தையைப் பாக்கவா, அவங்களைப் பாக்கவா?”

“நீயும் கேக்கறியா?” என்றார்.

“நான் கேக்காம யாரு கேப்பாங்க?”

“ஊரு கேக்கட்டும், சாமியாரு கேக்கட்டும், உங்கப்பா கேக்கட்டும். நீ கேக்கமாட்டேன்னு நெனச்சேன்.” பிறகு, தனக்குள் பேசுவது போல, “இந்தப் பேச்சை இந்த ஊர்ல நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். கெபி முன்னால உக்காந்து. மனசுல வச்சிக்க முடியாம. கொயர் அண்ணாகிட்ட” என்றார்.

அக்காவுக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. அவள் அன்பியத்துக்கு வரவில்லையே. எனக்கு விளங்கியது. சுண்டல் வாசனையோடு சேர்ந்து அந்த ஜெபம் முழுவதும் ஞாபகம் வந்தது. பக்கெட் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

கொயர் அண்ணா பேக்கரியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் கடைக்காரரிடம் கன்னடத்தில், “இன்னொந்து டீ கொடப்பா” என்றார்.

“அண்ணா, அன்னைக்கு நீங்க சொன்ன ஜெபக் கருத்து யாரைப் பத்தி?”

“எது தங்கச்சி?”

“சுரங்க ஊரு. விதவை. கொழந்தை.”

டீயை ஊதிக்கொண்டே கேட்டார்: “பேரு சொன்னேனா நான்?”

“சொல்லல. ஆனா அவரு உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்காரு. கட்டிக்கமாட்டேன்னு சொன்னதையும் சேத்துதானே சொன்னாரு? அந்தப் பாதியை ஏன் முழுங்கிட்டீங்க?”

“ஜெபத்துல போயி கதை முழுக்க சொல்லுவாங்களாம்மா? ஒரு ஏழைப் பொம்பளைக்காக மன்றாடச் சொன்னேன். அது தப்பா? நீயே சொல்லு. நீயும்தானே மன்றாடின?”

அவர் டம்ளரை வைத்துவிட்டு, மிக மென்மையாக, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்:

“ஜனங்கள்லாம் ஒண்ணா சேந்து பாடணும்னு ஆசைப்பட்டாரு. ஒண்ணா சேந்து ஜெபம் பண்ணாங்க.”

“ரெண்டு கட்டைக்காகவா அண்ணா?” என்றேன்.

“டீ ஆறுது, குடி” என்றார்.

நான் நேராக ஃபாதரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “அவரையும் கூப்பிட்டுக் கேட்டேம்மா. ஜெபம் பண்ணச் சொன்னேன், பேர் சொல்லலன்னு சொல்றாரு. உண்மைதானே? நான் எதைப் பிடிச்சு என்ன கேக்கறது? தங்கவயல் பதில் வரட்டும். வந்தா எல்லாம் சரியாப் போயிடும்” என்றார்.

“அதுவரைக்கும், ஃபாதர்?”

“அதுவரைக்கும் ஜெபம் பண்ணுங்க” என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது எப்படியோ பட்டிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தங்கவயலில் நடந்தது இது. மாப்பிள்ளையின் மாமி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அங்கே வீடுகள் வரிசை வரிசையாக, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கும். லைன் வீடு என்பார்கள். இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கேட்கும். கோவில் உபதேசியார் ஒரு காலை நேரம் போய் வாசலில் நின்று, அவர் காது மந்தம் என்பதால் பலமாக, “அம்மா, உன் கொழுந்தன் உன்னைக் கட்டிக்கறேன்னு வாக்கு குடுத்தானா?” என்று கேட்டிருக்கிறார். அண்ணி “இல்லை” என்று சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஆனால் லைன் முழுக்கக் கேட்டது கேள்விதான். மெதுவாகச் சொன்ன பதில் அவர்கள் வீட்டுச் சுவரைத் தாண்டவில்லை. மாமியாரே, “என்னடி, அப்படி ஏதாச்சும் உண்டா?” என்று கேட்டிருக்கிறாள்.

ஒரு காலை பாசஞ்சர் ரயிலில் அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்பிப் போய்விட்டாள். ‘நான் இங்கே இருக்கற வரைக்கும் தம்பிக்குப் பேரு கெட்டுகினே இருக்கும், நான் போயிட்டா கல்யாணம் நடக்கும்’ என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். அவரைக் காப்பாற்றத்தான் போனாள். ஊர் என்ன சொல்லும்? குற்றம் இருக்கிறவள்தான் ஓடுவாள் என்றது. அந்தச் செய்தி இரண்டே நாளில் லிங்கராஜபுரத்துக்கும் வந்துவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் தங்கவயல் ஃபாதரின் பதில் வந்தது. தடை ஒன்றும் இல்லை, அங்கே ஓலைகள் குறையில்லாமல் முடிந்தன என்று. எங்கள் ஃபாதர் தானே நடந்து எங்கள் காம்பவுண்டுக்கு வந்தார். அக்காவின் அப்பா மாடியிலிருந்து ஓடிவந்து, “படிச்சிடுங்க ஃபாதர், இந்த ஞாயித்துக்கெழமையே படிச்சிடுங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் குதித்தேன் என்றே சொல்லலாம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புகிற வயது.

மாப்பிள்ளை அன்று மாலையே வந்தார். தாடி வளர்ந்திருந்தது. கையில் பை.

“அண்ணி எங்க போனாங்கன்னு தெரியல. கொழந்தை எங்க இருக்குதுன்னு தெரியல. இப்ப நான் மாலை போட்டுகினு நிக்கணுமா?” என்றார்.

“தேடிட்டு வாங்க” என்றாள் அக்கா. “எத்தினி நாளானாலும் நான் இருக்கேன்.”

“நீ இருப்ப. தெரியும்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “நீ கேட்டியே, அதுவும் இருக்குமே.”

அவ்வளவுதான். அவர் ஹெப்பகோடி வேலையையும் விட்டுவிட்டார். சேலம், ஈரோடு, திருப்பூர் என்று தேடித் திரிந்ததாக மாமா வழியாகக் கேள்விப்பட்டோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அண்ணி வேலை செய்த இடத்தை அவர் கண்டுபிடித்தபோது, அவள் காய்ச்சலில் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தனவாம். குழந்தை சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு ஹாஸ்டலில் இருந்தது. அந்த ஊரிலேயே ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஹாஸ்டல் வாசலில் போய் நிற்பாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாடுவதும் இல்லை என்று மாமி சொன்னாள்.

அந்த வருடம் எங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு துன்பியல் நாடகம் பாடமாக இருந்தது. கெட்டவன் தன் திட்டத்தையெல்லாம் மேடையின் ஓரத்துக்கு வந்து நமக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்வான். நல்லவர்கள் தங்கள் நல்ல குணத்தாலேயே மாட்டிக்கொள்வார்கள். வகுப்பில் நான் எழுந்து, இவ்வளவு அற்பக் காரணத்துக்காக ஒருவன் இத்தனை பேரை அழிப்பானா, நம்ப முடியவில்லை என்று வருடத் தொடக்கத்தில் வாதாடியிருந்தேன். மேடம் பாராட்டினார்கள். பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. நான் எழுதவில்லை. வேறு கேள்விக்குப் போய்விட்டேன்.

கொயர் அண்ணாவைப் பற்றி நான் சொல்லாத ஆள் இல்லை. யாரும் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பினார்கள், ஆனால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ‘ஜெபம் பண்ணச் சொன்னதுக்காடி ஒருத்தரைக் குத்தம் சொல்றது?’ என்று என் அம்மாவே கேட்டாள். தவிரவும், அந்தப் பொய்யைச் சொன்னது அவர் வாய் மட்டும் இல்லை. ‘கேட்டருளும்’ என்று நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து அதைச் சொல்லியிருந்தோம். அவரைத் தொட்டால் தங்களையும் தொட வேண்டும். அவர் மறுபடியும் பாட்டை உச்சத்தில் எடுத்தார். ஜனங்கள் மறுபடியும் வாயை அசைத்துக்கொண்டு நின்றார்கள்.

முதல் பெஞ்சு ஆன்ட்டி மட்டும் அக்காவின் வீட்டுப் படியேறி வந்தார். அக்கா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஆன்ட்டி குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, “என் மனசாட்சியைக் கேட்டுத்தாம்மா செஞ்சேன்” என்றார். “தெரியும் ஆன்ட்டி” என்றாள் அக்கா. அதற்குப் பிறகு ஆன்ட்டி கோவிலில் முதல் பெஞ்சில் உட்காரவில்லை. பின்னால், தூணுக்கு அந்தப் பக்கம்.

அக்கா கொயர் அண்ணாவைத் திட்டி நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அது ஆத்திரமாக இருக்கும். “அந்த ஆளை விட்டுட்டு உன்னையே ஏன்க்கா திட்டிக்கற, நீ என்ன பண்ணின?” என்று கத்துவேன். “அவரு ஊரை நம்ப வெச்சாரு. என்னை யாரும் நம்ப வெக்கலடி. நானாத்தான் கேட்டேன்” என்பாள். ஆயிரம் சட்டையில் ஒரு கோணல் கண்டுபிடிக்கிற கண், கோணல் இல்லாத ஒன்றில் அதைத் தேடிவிட்டதை அவளால் மன்னிக்க முடியவில்லை. அவள் அப்பா இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். வேறு வரன்கள் வந்தன. ஓலை என்ற பேச்சு வந்ததும் அவள் வேண்டாம் என்றுவிடுவாள்.

பிறகு நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பெனி வண்டி தினமும் ஹெப்பகோடிப் பக்கமாகத் திரும்பும்போது நீல யூனிஃபார்ம் ஆட்கள் ரோட்டைக் கடப்பார்கள். எனக்குப் பிராக்டிஸ் ஞாபகம் வரும். இந்த வருடம் எனக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று.

என் முதல் ஓலை படித்த அன்று கொயர் அண்ணா மாடியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். தலைக்கு மை பூசியிருந்தார். அதே வெள்ளைச் சட்டை. “ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. உனக்காக ஜெபம் பண்றேன்” என்றார்.

“பண்ணுங்க அண்ணா. என் பேரைச் சொல்லிப் பண்ணுங்க” என்றேன்.

எத்தனையோ வருடமாகக் கூர் தீட்டி வைத்திருந்த வாக்கியம். அவர் அதை ஒரு ஜோக் போல எடுத்துக்கொண்டு சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். என் மாமியார் கூட, “பொண்ணு நல்லா பேசுது” என்றார். அவ்வளவுதான் அந்த வாக்கியத்தின் பலன்.

அக்கா இப்போதும் பூசைக்கு வருகிறாள். கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி உட்காருவாள். ஃபாதர் ஓலைக் காகிதத்தோடு மைக்கை நோக்கி நடக்கத் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுவாள். கெபி பக்கம் குழாயில் முகம் கழுவிவிட்டு, கடைசிப் பாட்டுக்குத் திரும்பி வருவாள். எல்லோருக்கும் பழகிவிட்டது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் கல்யாணத்துக்கு என் ரவிக்கைத் தையல் முழுவதையும் அவள்தான் பார்த்து, இரண்டு முறை டெய்லரிடம் திருப்பி அனுப்பினாள். அதனால் என் மூன்றாம் ஓலைக்காவது உள்ளே இருப்பாள் என்று நினைத்தேன். முந்தின நாள் கேட்கவும் செய்தேன். “பாக்கறேன்டி” என்றாள்.

ஃபாதர் மைக் முன்னால் வந்தார். ‘தடை ஏதேனும்’ என்ற இடத்தில், சின்ன வயதில் பார்த்தது போலவே நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சின் ஓரத்தில் அவள் கைப்பை மட்டும் இருந்தது. வெளியே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.